சுட்டுவிரலும் ஆறு நரம்பும்

எந்தக் கலையைக் கற்கப் புகுந்தோர்க்கும் தொடக்கத்தில் ஒரு சமவெளி உண்டு. சிறிது தூரம் சென்றபின் ஓர் ஏற்றம் உண்டு. சமவெளியில் நடப்போர் பலர். ஏற்றத்தில் ஏறுவோர் சிலர். இலக்கணம் கற்கும் மாணாக்கர் எழுத்தின் எண்ணையும் பெயரையும் இனிதே ஒப்புவிப்பர். புணர்ச்சி விதிகளுக்கு வந்ததும் பலருடைய முகம் வாடிவிடும். வெண்பா இயற்றப் பழகுவோர் அசையையும் சீரையும் எளிதிற் பிடித்துக்கொள்வர். தளை தட்டாமல் நாலடியை நிறுத்தவேண்டிய இடத்திலே எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவர். இசைக்கருவிகளுள்ளும் இத்தகைய ஏற்றங்கள் உள. கிற்றார் என வழங்கும் நரம்புக்கருவியைக் கற்போர்க்கு அவ்வேற்றம் ‘பாரே’ என்னும் பெயரோடு வந்து நிற்கிறது.

தமிழ் கற்பிக்கும் பண்டிதன் ஒருவனுக்குக் கிற்றாரோடு யாது உறவு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நரம்புக்கருவியைப் பற்றி எண்ணுவது தமிழ் கற்றார்க்குப் புதியதொரு தொழில் அன்று. பத்தர், கோடு, திவவு என யாழின் உறுப்புக்களை எண்ணிப் பாடஞ்சொல்லும் நாம், நம் மாணாக்கர் தோளில் மாட்டிக்கொண்டு வரும் கருவியின் உறுப்புக்களை அறியாதிருத்தல் முறையாகாது. அன்றியும், கற்றல் எவ்வாறு நிகழ்கிறது, எவ்விடத்தில் தடைப்படுகிறது என்பதை ஆராய விரும்பும் ஆசிரியர்க்கு இந்தப் பாரே நல்லதோர் எடுத்துக்காட்டு. இங்கே தடை கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது, அளவுகோலுக்கும் அகப்படுகிறது. மொழிப்பாடத்தில் மாணாக்கனின் உள்ளத்துள் நிகழும் தடையை நாம் அங்ஙனம் அளத்தல் இயலாது.

கருவியின் இயல்பு

கிற்றார் ஸ்பானிய நாட்டிலே செழித்து வளர்ந்த கருவி. 17ஆம் நூற்றாண்டில் ஐந்து இணை நரம்புகள் கொண்டதாய் விளங்கிய அது, 1800ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் ஆறு தனி நரம்புகள் கொண்டதாயிற்று. அல்மேரியா நகரிற் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்பார் அதன் உடலைப் பெருப்பித்து, இன்றைய உருவத்தை அதற்கு நல்கினார். நரம்பின் நீளம் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் என்னும் அளவு அவர் வழியே நிலைபெற்றது. விலங்கின் குடலாற் செய்த நரம்புகளுக்குப் பதிலாக 1940களிலே நைலோன் நரம்புகள் வந்தன. உருக்குத் தந்தி பூட்டிய வேறொரு வகையும் உண்டு. நம் இளைஞர் கைகளிற் பெரிதும் காணப்படுவது அதுவே.

வீணையின் உறுப்புக்களை அறிந்தார்க்குக் கிற்றாரை விளக்குதல் எளிது. நரம்புகள் ஒரு புறத்திலே குதிரைமேல் ஏறி நிற்கின்றன. மறு புறத்திலே மேருவைக் கடந்து பிருடைகளிற் சுற்றப்படுகின்றன. இடையே தண்டியின்மேல் மெட்டுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒரு மெட்டுக்குப் பின்னே நரம்பை அழுத்தினால் அதன் ஒலிக்கும் நீளம் குறைகிறது, சுரம் உயர்கிறது. இம்மட்டும் இரண்டு கருவிக்கும் பொது. வேறுபாடு யாதெனின், வீணையில் நாம் ஒரு சுரத்தின்பின் ஒரு சுரமாகப் பண்ணை நடத்திச் செல்கிறோம். கிற்றாரிலோ பல நரம்புகளை ஒருங்கே மீட்டிப் பல சுரங்களை ஒரே வேளையில் ஒலிப்பிக்கின்றனர். இச்சுரக்கூட்டையே ‘கோட்’ என்பர். மேனாட்டிசை நிற்கும் அடித்தளம் இதுவே.

ஆறு நரம்புகளும் தடித்ததிலிருந்து மெலிந்தது வரை ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்னும் சுரங்களுக்குக் கூட்டப்பெறும். கற்கத் தொடங்குவோன் முதலிற் பயிலும் கூட்டுக்களிலே சில நரம்புகளை விரல்கள் அழுத்தும். ஏனையவை வெறுமனே ஒலிக்கும். ஈ என்னும் பெருங்கூட்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நரம்பை முதல் மெட்டிலும், நான்காம் ஐந்தாம் நரம்புகளை இரண்டாம் மெட்டிலும் அழுத்தினாற் போதும். எஞ்சிய மூன்றும் தாமாகவே இசைந்து நிற்கும். மாணாக்கன் ஒரு கிழமைக்குள் இதனைப் பிடித்துவிடுவான். அவனுடைய சமவெளி இது.

புருவம் என்னும் பெயர்

இனி அக்கூட்டை ஒரு மெட்டு உயர்த்த விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்க. மூன்று விரல்களையும் அவ்வுருவம் கலையாமல் ஒரு மெட்டு மேலே நகர்த்துகிறோம். அழுத்திய மூன்று நரம்புகளும் உயர்கின்றன. வெறுமனே ஒலிக்கும் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கூட்டுக் குலைந்து, பகை ஒலி பிறக்கிறது. அந்த மூன்று நரம்புகளையும் ஒரு மெட்டு உயர்த்துவதற்கு ஏதேனும் ஒன்று வேண்டும். கையிலே எஞ்சியிருப்பது சுட்டுவிரல் ஒன்றே. அதனை நீட்டி, ஆறு நரம்புகளுக்கும் குறுக்கே ஒரு சட்டம்போலக் கிடத்தி அழுத்துகின்றனர். அசையாதிருந்த மேரு இப்பொழுது விரலின் உருவிலே நடமாடத் தொடங்குகிறது. ஈ என்னும் கூட்டு எஃப் ஆகிறது.

‘பாரே’ என்பது சட்டமிடுதல் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். ஸ்பானியர் இதனைச் ‘சேஹா’ என்பர். அச்சொல்லுக்கு நேர்பொருள் புருவம் என்பது. கண்ணுக்கு மேலே புருவம் கிடப்பதுபோல நரம்புகளுக்கு மேலே விரல் கிடக்கிறது என்று கண்ட அந்த மக்களின் பார்வை நயமுடையது.

புருவம் ஒருமுறை அமைந்துவிட்டால் அதன்பின் நிகழ்வது வியப்பை ஊட்டும். அதே உருவத்தை மூன்றாம் மெட்டுக்குக் கொண்டுசென்றால் ஜீ, ஐந்தாம் மெட்டில் ஏ, ஏழில் பீ, எட்டில் சீ, பத்தில் டீ, பன்னிரண்டாம் மெட்டில் மீண்டும் ஈ, ஒரு தானம் உயர்ந்து நிற்கிறது. விரல்களின் உருவம் ஒன்றே; இடம் மாத்திரமே வேறு. ஈ உருவத்திலே பெருங்கூட்டு ஒன்றும் சிறுகூட்டு ஒன்றும், ஏ உருவத்திலே அவ்வாறே இரண்டும் ஆக நான்கு உருவங்களைக் கற்றவன், பன்னிரண்டு நிலைகளிலும் அவற்றை வைத்து 48 கூட்டுக்களுக்கு உரியவனாகிறான். இதனைக் கற்காதவன் வெறும் நரம்புகள் இசைந்துதவும் சில கூட்டுக்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பான். பாடுவோரின் குரல் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அவனால் உடன்செல்ல இயலாது.

வாய்பாடும் எழுத்தும்

யாப்பிலக்கணம் கற்ற அன்பர்களுக்கு இவ்விடத்திலே ஒன்று தோன்றாதிராது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் நான்கும் மரங்களைப் பற்றிய செய்திகள் அல்ல. நேர்நேர், நிரைநேர், நிரைநிரை, நேர்நிரை என்னும் அசையமைப்பைத் தாங்கி நிற்கும் அச்சுக்கள் அவை. அவ்வச்சிலே எந்தச் சொல்லை வார்த்தாலும் சீர் பிறழாது. மாணாக்கன் ஆயிரம் சொற்களைத் தனித்தனியே அலகிட்டு மனனஞ் செய்வதில்லை; நான்கு அச்சுக்களைக் கற்றுக்கொண்டு ஆயிரம் சொற்களைத் தானே அறிந்துகொள்கிறான். வாய்பாட்டின் ஆற்றல் இது. கிற்றாரிற் சுட்டுவிரல் சமைக்கும் நான்கு உருவங்களும் அவ்வகையான வாய்பாடுகளே.

இவ்வொப்புமை நம் கற்பனையில் மாத்திரம் உள்ளதன்று. அக்கருவியின் வரலாற்றிலேயே இடம்பெற்றிருக்கிறது. 1596ஆம் ஆண்டில் ஜுவான் கார்லோஸ் அமாத் என்னும் கற்றலோனிய மருத்துவர், ஐந்திணை நரம்புக் கிற்றாருக்குச் சிறியதொரு போதினியை பார்சலோனா நகரில் வெளியிட்டார். பன்னிரண்டு பெருங்கூட்டுக்களையும் பன்னிரண்டு சிறுகூட்டுக்களையும் எண்ணிட்டு அவர் வகுத்துக் காட்டினார். இத்தாலிய நாட்டினர் வேறொரு வழி கண்டனர். அவர்கள் ஒவ்வொரு கூட்டின் விரலமைப்புக்கும் நெடுங்கணக்கிலுள்ள ஓர் எழுத்தைப் பெயராக இட்டனர். 1606இல் மொந்தெசார்தோ வெளியிட்ட நூலில் இம்முறையைக் காணலாம். இங்கே வேடிக்கை யாதெனின், ஏ என்னும் எழுத்து ஏ கூட்டைக் குறிப்பதன்று. அது ஜீ கூட்டின் விரலமைப்பைக் குறித்தது. பீ என்பது சீ கூட்டைக் குறித்தது. தேமா என்னும் பெயர் மாமரத்தைச் சுட்டாதவாறு போலவே, அவ்வெழுத்தும் சுரத்தைச் சுட்டவில்லை. விரல்கள் நிற்கும் உருவத்தையே சுட்டியது. பின்னர் அவ்வெழுத்தோடு ஓர் எண்ணையும் சேர்த்து எழுதினர். இவ்வுருவத்தை இத்தனையாம் மெட்டுக்கு நகர்த்துக என்பது அதன் கருத்து. உருவத்துக்கு எழுத்து, இடத்துக்கு எண் என்னும் இந்தச் சுருங்கிய முறையினால், சுரக்குறியீடு அறியாத எளிய மக்களும் பாட்டுக்குத் துணையாகக் கிற்றாரை மீட்டக் கற்றனர்.

மெட்டுக்களின் கணக்கு

ஓர் உருவத்தை எங்கே நகர்த்தினாலும் அதன் இசைவு கெடாதிருத்தற்குக் காரணம் யாது? மெட்டுக்களுக்கிடையே உள்ள விகிதம் ஒன்றாயிருப்பதே. ஒரு தானத்தைப் பன்னிரண்டு சம பங்காக வகுத்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மெட்டு வைத்திருக்கின்றனர். பங்கு சமம் என்றால் தூரம் சமம் அன்று. மெட்டுக்குப் பின் மெட்டாக எஞ்சிய நீளம் ஒரே விகிதத்திற் குறைந்துகொண்டு போகும். 650 மில்லிமீற்றர் நரம்பிலே முதல் மெட்டு மேருவிலிருந்து ஏறத்தாழ 36.5 மில்லிமீற்றர் தூரத்தில் அமையும். நான்காம் மெட்டுக்கும் ஐந்தாம் மெட்டுக்கும் இடைவெளி 29 மில்லிமீற்றரே. பன்னிரண்டாம் மெட்டு சரிநடுவில், 325 மில்லிமீற்றரில் நிற்கும்.

வானநூல் வல்ல கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ கலிலேயி என்பார் இசைவல்லுநர். 1581இல் அவர் வெளியிட்ட நூலொன்றிலே, நரம்பை 18 பங்கிட்டு ஒரு பங்கு விட்டு மெட்டு வைக்கலாம் என்று எளிய விதி ஒன்றைக் கூறினார். அவ்விதிப்படி பன்னிரண்டு முறை குறைத்தால் எஞ்சுவது 327.4 மில்லிமீற்றர், சரிநடுவாகிய 325க்கு 2.4 மில்லிமீற்றர் மிகை. இக்காலத்துக் கைவினைஞர் 18க்குப் பதிலாக 17.817 என்னும் எண்ணைக் கொள்கின்றனர். அப்பொழுது கணக்குப் பிசகாது வந்து சேரும்.

நரம்பின் நீளத்தைக் கணித்து இசையின் இயல்பை அறியும் இம்முறை நமக்கு அயலானதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947), சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைக் கூறும் பகுதிக்கு விளக்கமாகத் தொடங்கிய ஆராய்ச்சியை, விகிதக் கணக்கின் துணைகொண்டு விரித்து, 1947இல் யாழ்நூலாக வெளியிட்டார். மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதராயும் விஞ்ஞானப் பட்டதாரியாயும் ஒருங்கே விளங்கிய அவருக்குத் தமிழும் கணிதமும் இரண்டு அறைகளாக இருந்ததில்லை. இணை, கிளை, பகை, நட்பு என்று நம் முன்னோர் நரம்புகளுக்கிடையே கண்ட உறவுகள் யாவும் எண்களின் உறவுகளே என்பதை அந்நூலைக் கற்றார் உணர்வர்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாதொழிதல் நேர்மையாகாது. யாழிலே பாரே இருந்தது என்று கூற எவரும் முற்படவேண்டா. யாழில் மெட்டுக்கள் இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதே அதன் அமைப்பு. அழுத்தி நகர்த்துதற்கு அங்கே இடமில்லை. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று சாதிப்பது நம் நூல்களுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. உள்ளதை உள்ளவாறு ஒப்பிடுதலே அப்பெருமையைக் காக்கும்.

சம பங்கீட்டுக்கும் ஒரு விலை உண்டு. இயற்கையான இசைவிலே சீக்கும் ஈக்கும் உள்ள விகிதம் 5க்கு 4, அஃதாவது 1.25. சம பங்கீட்டிலே அது 1.26ஐ அண்டி நிற்கிறது. நுண்ணிய செவியுடையார்க்கு அவ்வேறுபாடு புலப்படும். எல்லாக் கூட்டுக்களையும் ஒரே உருவத்தால் அடையும் உரிமையைப் பெறுவதற்காக, ஒவ்வொரு கூட்டின் தூய்மையிலும் சிறிது விட்டுக்கொடுத்திருக்கின்றனர். வீணையிலோ மெட்டுக்களை மெழுகிற் பதித்துச் செவியால் ஓர்ந்து நிறுத்துகிறோம். இரண்டு மரபும் இரண்டு வகையான நன்மையை நாடின.

ஏன் கடினமாகிறது

கற்பவர் முதலிற் சந்திக்கும் பாரே பெரும்பாலும் முதல் மெட்டில் அமையும் எஃப் கூட்டே. பாட்டுக்களிலே அது அடிக்கடி வருவதனால் ஆசிரியரும் அதனையே முதலிற் கற்பிக்கின்றனர். ஆனால் தண்டி முழுவதிலும் மிகக் கடினமான இடம் அதுவே. கொடிக்கயிற்றை நடுவிலே அழுத்திப் பாருங்கள், எளிதில் தாழும். முளையிலே கட்டிய இடத்துக்கு அருகில் அழுத்துங்கள். கயிறு எதிர்த்து நிற்கும். முதல் மெட்டு மேருவாகிய முளைக்கு மிக அண்மையில் இருக்கிறது. அங்கே நரம்பைத் தாழ்த்துதற்கு வலிமை மிகுதியாக வேண்டும். மெட்டின் இடைவெளியும் அங்கேதான் மிக அகன்றது. ஆதலின் ஏனை விரல்களும் நன்கு விரியவேண்டும். ஆறு நரம்புகளும் சேர்ந்து இழுக்கும் விசையோ நைலோனில் ஏறத்தாழ 40 கிலோகிராம் நிறைக்கு நிகரானது. உருக்கிலே 70ஐ எட்டும்.

சுட்டுவிரலின் அமைப்பும் இதற்குத் துணைசெய்வதில்லை. உள்ளங்கைப் புறத்திலே அது மென்மையானது. மூட்டுக்கள் உள்ள இடங்களிலே குழிந்த வரைகள் இருக்கின்றன. ஒரு நரம்பு அவ்வரைக்கு நேராக அமைந்துவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் அது ஊமையாகவே இருக்கும். மாணாக்கன் காரணம் அறியான், மேலும் மேலும் அழுத்துவான், பெருவிரலின் அடித்தசை வலியெடுக்கும், ஒலி பிறவாது. எத்தனையோ கிற்றார்கள் அலுமாரியின்மேல் உறங்கத் தொடங்குவது இந்த நாட்களிலேதான்.

பிழை யாருடையது

நமது வகுப்பு மாணாக்கன் ஒருவனுக்கு மாமனார் ஒருவர் கிற்றார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். மலிவான விலைக்கு வாங்கிய கருவி. நான்கு மாதம் ஊக்கத்தோடு பயின்றான். எஃப் கூட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டான். மாலை வகுப்பிலே அவனுக்குக் கற்பித்தவர், “உனக்குக் கை வாய்க்கவில்லை” என்று சொல்லிவிட்டாராம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அச்சொல் எத்துணைப் பாரமாயிருந்தது என்பது அவனுடைய தமிழ்க் கட்டுரைப் பயிற்சியிலேயே தெரிந்தது. ‘என் எதிர்காலம்’ என்னும் பொருளில் எழுதும்போது இசையைப் பற்றி ஒரு வரிதானும் எழுதவில்லை. வினவியபோது, “என்ரை விரலாலை ஏலாது, ஐயா” என்றான்.

அவன் வீட்டுக்கு அருகே தளபாடங்கள் செய்யும் தச்சர் ஒருவர் இருந்தார். தேவாலயத்துக் கிற்றார்களையும் வயலின்களையும் செப்பமிட்டுப் பழகியவர். அவரிடம் கருவியைக் காட்டுமாறு சொன்னோம். ஒரு சனிக்கிழமை நாமும் உடன்சென்றோம். அவர் நரம்பொன்றை மூன்றாம் மெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் மெட்டுக்கும் அந்நரம்புக்கும் இடையே உள்ள வெளியைக் கண்ணருகே வைத்து நோக்கினார். அங்கே மெல்லிய தாள் ஒன்று நுழையும் அளவு வெளிதான் இருக்கவேண்டுமாம். அக்கருவியிலோ தடித்த அட்டையே நுழைந்தது. “தம்பி, பிழை உன்ரை விரலிலை இல்லை, இந்த மேல்கட்டையிலை இருக்கு” என்றார். அரைமணி நேரத்திலே மெல்லிய அரத்தால் மேருவின் வெட்டுக்களைச் சிறிது சிறிதாக ஆழப்படுத்தி, நரம்புகளை மீண்டும் பூட்டிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலையே எஃப் கூட்டு முழுமையாக ஒலித்தது என்று எழுதினால் அது கதையாகிவிடும். ஒலிக்கவில்லை, ஏறத்தாழ ஆறு கிழமை சென்றது. ஆனால் அந்த ஆறு கிழமையும் அவன் பயின்றான் என்பதே கருதத்தக்கது. ‘கை வாய்க்கவில்லை’ என்னும் தீர்ப்பின் கீழே ஒருநாளேனும் அவன் பயின்றிருக்கமாட்டான்.

பயிலும் முறை

பாரே பயில்வோர்க்கு அனுபவமுடையோர் கூறும் நெறிகள் சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, முதல் மெட்டிலே தொடங்கவேண்டா. ஐந்தாம் மெட்டை அண்டித் தொடங்குக. அங்கே நரம்பு எளிதில் தாழும், இடைவெளியும் ஒடுங்கியது. அங்கே ஒலி தெளிந்தபின் ஒவ்வொரு மெட்டாக மேருவை நோக்கி இறங்கி வருக. எஃப் கூட்டு அப்பயணத்தின் முடிவாகவே அமைதல் வேண்டும்.

இரண்டாவது, விரலைத் தட்டையாகக் கிடத்தாமல் பெருவிரற் பக்கமாகச் சிறிது புரட்டுக. அப்பக்கத்திலே தசை குறைவு. எலும்பு நரம்பை நன்றாகத் தாங்கும். விரலை மெட்டுக்கு மிக அருகில், ஆனால் அதன்மேல் ஏறாதவாறு வைக்கவேண்டும். ஒரு நரம்பு ஊமையானால் மேலும் அழுத்தாமல், விரலை ஒரு மயிரிழை மேலேயோ கீழேயோ நகர்த்திப் பார்க்க. வரையில் விழுந்த நரம்பு வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, ஆறு நரம்பையும் சுட்டுவிரலே அழுத்தவேண்டும் என்னும் எண்ணத்தை விடுக. எஃப் பெருங்கூட்டிலே மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகளை ஏனை மூன்று விரல்களும் உயர்ந்த மெட்டுக்களிற் பிடித்துவிடுகின்றன. சுட்டுவிரலின் பொறுப்பு முதலாம், இரண்டாம், ஆறாம் நரம்புகளே. சிறுகூட்டிலே மூன்றாம் நரம்பும் அதன் பொறுப்பாகிறது. ஆதலின் பெருங்கூட்டை முதலிலும் சிறுகூட்டைப் பின்னரும் பயில்க. எங்கே வலிமை வேண்டும், எங்கே வேண்டா என்று அறிந்தவனுக்குப் பாதிச் சுமை அப்போதே இறங்கிவிடுகிறது.

நான்காவது, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிடுக்கியைப்போல நெரிக்கவேண்டா. முழங்கையை உடலுக்கு அருகே வைத்து, புயத்தின் எடையால் கையைப் பின்னோக்கி மெல்ல இழுத்தாற் போதும். கருவியின் உடல் மார்போடு சார்ந்து நிற்பதனால் நரம்பு தானே தாழும். மணிக்கட்டு மிக வளையாதிருக்கவேண்டும்.

ஐந்தாவது, குறுகிய நேரம் பயில்க. ஐந்து நிமிடம் பயின்று கையை உதறி ஓய்வு கொடுத்து, மறுபடியும் பயில்வது நன்று. விரல்நுனி சிவந்து நோவது இயல்பு. சில கிழமையில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ பெருவிரலின் அடியிலோ வலி தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுக. அவ்வலியைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று, கைக்குத் தீங்கு.

ஆறாவது, ஒவ்வொரு முறையும் ஆறு நரம்புகளையும் ஒவ்வொன்றாக மீட்டிக் கேட்க. ஒருங்கே மீட்டினால் ஊமை நரம்பு மற்றவற்றின் ஒலியில் மறைந்துவிடும். செய்யுளை அலகிட்டுப் பாராமல் ஓசையை மாத்திரம் நம்பும் புலவனுக்கு நேரும் தவறு அதுவே.

துணைகளும் மாற்றுவழிகளும்

விரலுக்குப் பதிலாக ஒரு கருவியை வைத்தால் என்ன என்னும் வினா எழுவது இயல்பு. ஸ்பானியர் சிறு மரத்துண்டு ஒன்றைத் தண்டியிற் கட்டி மேருவை உயர்த்திக்கொள்கின்றனர். ‘சேஹியா’ என்பது அதன் பெயர். சிறுபுருவம் என்று சொல்லலாம். ‘காப்போ’ என்று கடைகளில் விற்கப்படுவதும் அதன் இனமே. பாடுவோர் குரலுக்கேற்பச் சுருதியை உயர்த்த அது மிக உதவும். ஆனால் கட்டிய இடத்திலேயே அது நிற்கும். பாட்டின் நடுவே கூட்டுக்குக் கூட்டு தாவ அதனால் ஆகாது.

நகரும் சட்டத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. நம் நாட்டிசையிலே கோட்டுவாத்தியம் வாசிப்போர் மெட்டில்லாத தண்டியின்மேல் உருளை ஒன்றை வழுக்கிச் சென்று சுரங்களை எழுப்புவர். ஹவாய்த் தீவினர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கிற்றாரை மடியிற் கிடத்தி, உருக்குத் துண்டால் அவ்வாறே வாசிக்கத் தொடங்கினர். இவ்விரண்டிலும் சட்டம் நேரானது. ஆதலின் நரம்புகள் எவ்வாறு கூட்டப்பட்டுள்ளனவோ அந்த உருவத்தையே அது எங்கும் சுமந்து செல்லும். கையாலிடும் பாரேயின் சிறப்பு யாதெனின், சட்டத்தை இடும் அதே கையின் ஏனை மூன்று விரல்களும் உருவத்தை வேண்டியவாறு மாற்ற உரிமை பெற்றிருப்பது. ஒரு கையே அடித்தளமும் ஆகிறது; மேல்மாடமும் ஆகிறது.

கை முழுமையாக வாய்க்காதவர்க்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பெல்ஜிய நாட்டிற் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910–1953) என்னும் ஜிப்சி இனத்துக் கலைஞர், 1928இல் தம் வண்டிவீட்டிலே தீப்பற்றியபோது இடக்கையிற் பெருங்காயமுற்றார். மோதிரவிரலும் சிறுவிரலும் முடங்கிப்போயின. அவர் எஞ்சிய இரு விரல்களாலும் விரைந்தோடும் தனிச்சுர வரிசைகளை வாசித்தார். முடங்கிய விரல்களைக் கூட்டுக்களுக்கு இயன்ற மட்டும் பயன்படுத்தினார். 1934 முதல் பாரிஸ் நகரிலே அவர் நடத்திய நரம்பிசைக் குழு ஐரோப்பிய ஜாஸ் இசையின் வரலாற்றிலே அழியா இடம் பெற்றது. மருத்துவர் கண்ட கை வேறு. அவர் கண்ட கை வேறு. ஆயினும் அவரைக் காட்டி, “அவருக்கு இயன்றது உனக்கு ஏன் இயலாது?” என்று பிள்ளைகளை வெருட்டுதல் தகாது. ஒவ்வொரு கையும் தனக்குரிய வழியைத் தேடிக்கொள்ளலாம் என்பதற்கு மாத்திரமே அவர் சான்று.

ஆசிரியர் கடன்

இவ்வளவும் கூறியதன் நோக்கம் அனைவரையும் கிற்றார் வாசிப்போராக்குவது அன்று. கற்பிக்கும் தொழிலிலே உள்ள நமக்கு இச்சிறு பொருள் ஒரு படிப்பினையைத் தருகிறது. மாணாக்கன் ஓரிடத்தில் நின்றுவிட்டால், நம் நாவிலே முதலில் வருவது ‘இவனுக்கு வராது’ என்னும் சொல்லே. நன்னூலார் மாணாக்கருக்கு இலக்கணம் வகுப்பதற்கு முன்னரே நூலுக்கும் ஆசிரியருக்கும் இலக்கணம் வகுத்தார். அவ்வைப்பு முறை எண்ணத்தக்கது. கற்பிக்கும் நூலும் கருவியும் செவ்வையாக உள்ளனவா, கற்பிக்கும் வரிசை முறையானதா என்று பார்த்தபின்னரே கற்போனின் குறையைத் தேடவேண்டும். தண்டியிலே மிகக் கடினமான இடத்தை முதலிற் கொடுத்து, உயர்ந்துபோன மேருவையும் கொடுத்து, பிள்ளையின் விரலைக் குறைகூறுவது எத்துணை எளிது! நம் வகுப்பறைகளிலும் எத்தனை மேருக்கள் அளவுக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன என்று நாம் பார்த்ததுண்டா? புணர்ச்சி விதிகளை எடுத்துக்காட்டுக்கு முன்னே சூத்திரமாகத் திணிப்பதும், பொருள் விளங்காத உரையை மனனஞ் செய்விப்பதும் அவற்றுட் சில.

கருவியைச் செப்பமிட்டபின்னும் உழைப்பு உழைப்பாகவே இருக்கும். அதனை எவரும் குறைத்துத் தர இயலாது. விரலின் தோல் தடிக்கவேண்டிய காலம் தடித்தே தீரவேண்டும். ஆனால் வேண்டிய நோவையும் வேண்டாத நோவையும் பிரித்தறிந்து, பின்னையதை நீக்கிக் கொடுப்பது ஆசிரியர் கடன். அக்கடனைச் செய்தபின் மாணாக்கன் அந்த ஏற்றத்தில் ஏறுவானா, திரும்பிவிடுவானா என்பது அவனுடைய விருப்பம். திரும்பினாலும், தன் கை பழுதானது என்னும் பொய்யைச் சுமந்துகொண்டு அவன் திரும்பக்கூடாது.